நான்கு மணிக்கு எழும்பச் சொல்வோரே, சற்று நில்லுங்கள்!



அண்மையில் ஒரு நாள் ஆசிரியர் அறையில் அமர்ந்து மாணவர்களின் பயிற்றேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதிர்மேசையில் இருந்த சக ஆசிரியை ஒருவர் தம் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், ஜெபத்தில் தூங்கிப் போவது பாவமா?" என்று கேட்டார்.

வேடிக்கைக்காகக் கேட்கிறார் என்றெண்ணி முதலில் சிரித்துவிட்டேன். அவருடைய கண்கள் கலங்கியிருந்ததைக் கண்ட பிறகுதான் என் சிரிப்பு எவ்வளவு தவறானது என்பது புரிந்தது.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் இடைநிலைப்பள்ளியில், கடைக்குட்டி பாலர் பள்ளியில். வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார். காலை 4.45-க்கு எழுந்து சமைத்து, மாமியாரைக் குளிப்பாட்டி உடை மாற்றி, பிள்ளைகளுக்கு உணவு கட்டிக்கொடுத்து, 7.20-க்குள் பள்ளியில் இருந்தாக வேண்டும். மாலையில் புறப்பாட நடவடிக்கை. வீடு திரும்பினால் மறுபடியும் சமையல், துணிமணிகள், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். அதன் பின்னர் மறுநாளுக்கான நாள்பாடத்திட்டம். படுக்கப் போகும்போது நள்ளிரவு ஆகிவிடும்.

இந்நிலையில் அவர் ஒரு நற்செய்திக் கூட்டத்திற்குச் சென்றிருக்கிறார். அதிகாலை நான்கு மணிக்கு எழும்பி ஒரு மணி நேரம் ஆண்டவரோடு தனித்திருக்க இயலாதவர் உள்ளத்தில் ஆண்டவர்மீது உண்மையான அன்பு இல்லை என்று அங்கே பேசியவர் முழங்கினாராம். மறுநாள் தொடங்கி இந்த அம்மையார் நான்கு மணிக்கு எழுந்தார். ஒரு நாளன்று, ஏழு நாள்கள். எட்டாம் நாள் கட்டிலோரம் முழந்தாளிட்டவர் அப்படியே உறங்கிப் போனார். விழித்தபோது மணி 6.10. பிள்ளைகள் பட்டினியோடு பள்ளிக்குப் போனார்கள். கணவர் கடிந்துகொண்டார். "எனக்கு ஆண்டவர்மேல் அன்பே இல்லையோ என்று பயமாக இருக்கிறது, சார்" என்றார்.

என் உள்ளம் கொதித்தது. அந்தக் கொதிப்பின் விளைவே இக்கட்டுரை. என் வாசகர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர் என்பதை அறிவேன். எனினும், பூசையறை உள்ள வீடுகளிலும் இதே கதை வேறு வடிவில் நடப்பதால் நீங்களும் படிக்க வேண்டுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தனி ஜெபம் வேண்டும். அது இல்லாமல் கிறித்தவ வாழ்வு வெறும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிடும். நான் எதிர்ப்பது அதனைப் போதிக்கும் முறையைத்தான். ஓர் இல்லமும் ஒரு சபையும் ஒரு பள்ளியும் சேர்ந்து ஒருவரிடமிருந்து நேரத்தைப் பறித்துவிட்டு, 'உனக்கு ஏன் நேரமில்லை?' என்று அவரிடமே கேட்பது எவ்வகையில் நியாயம்?

கடிகாரம் சொல்லும் கணக்கு

இங்கே வந்து 'நான்கு மணி' என்று முழங்கும் பேச்சாளர்களுள் பலர் தமிழகத்திலிருந்து வருபவர்கள். சென்னையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. கோலாலம்பூரிலோ ஏழு மணியை ஒட்டியும் அதற்குப் பின்னரும்தான் விடிகிறது. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்திற்கு மேல் முந்தி ஓடுகிறது. 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டுச் சபா, சரவாக் நேரத்தோடு இணைக்கப்பட்டதையும், சிங்கப்பூர் அதனைப் பின்பற்றியதையும் மூத்த ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பர்.

ஆக, சென்னையில் நான்கு மணி என்பது விடியலுக்கு இரண்டு மணி நேரம் முந்தியது. கோலாலம்பூரில் அதே நான்கு மணி, விடியலுக்கு மூன்று மணி நேரம் முந்திய நடுச்சாமம். கடிகாரத்தின் எண்ணில் புனிதம் இருக்கிறதா? இயேசுவின் காலத்தில் கலிலேயாவில் கடிகாரமும் இல்லை, மின்விளக்கும் இல்லை, இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் வந்து விழும் சுற்றறிக்கையும் இல்லை. இருட்டியதும் ஊர் உறங்கத் தொடங்கிவிடும். அவ்வுலகின் அதிகாலையை நம் வீட்டு அலாரத்தோடு ஒப்பிடுவது முறையன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 'அமைதி வேளை' என்று நாம் இன்று அழைக்கும் பழக்கம், காலையில் எழுந்ததும் தனியறையில் வேதாகமத்தோடு அமர்வது என்னும் இந்த வடிவில் பரவியதற்கு, 1880-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் மேற்கொண்ட 'காலை விழிப்பு' முயற்சி ஒரு முக்கியக் காரணம். அவர்கள் கல்லூரியில் தனியறை பெற்றுத் தங்கிப் படித்த இளைஞர்கள். பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால், மாமியாரின் விரிப்பை மாற்ற வேண்டிய கவலை அவர்களுள் எவருக்கும் இருந்திருக்காது. தனியறை வாய்த்தவர்களின் பழக்கத்தைத் தனியறை வாய்க்காதவர்களுக்குக் கட்டளையாக்குகிறோம்.

வேதத்தை முழுமையாக வாசிப்போமா?

நான்கு மணிப் போதனைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது மாற்கு முதல் அதிகாரத்தின் 35-ஆம் வசனம். இருட்டோடு எழுந்து இயேசு வனாந்தரமான ஓரிடத்திற்குச் சென்று ஜெபித்தார் என்பது செய்தி. நல்லது. அதற்கடுத்த வசனங்களையும் வாசியுங்கள். சீமோனும் உடனிருந்தவர்களும் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் அவர்களோடு திரும்பிச் செல்லவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேடி வந்த ஊரையே மறுக்கும் துணிவு அங்கே இருக்கிறது. அந்த மறுப்பைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருக்கிறீர்கள்?

மாற்கு ஆறாம் அதிகாரத்தையும் பாருங்கள். சீடர்களுக்கு உண்ணவும் நேரமில்லை. தனிமையான இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி இயேசு அவர்களை அழைக்கிறார். ஆனால், மக்கள் கரையோரமாய் ஓடி முந்திக்கொள்கிறார்கள். அவர் மனமிரங்கிப் போதிக்கிறார். ஐயாயிரம் பேருக்கு உணவளிக்கிறார். அதன் பின்னர் சீடர்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, கூட்டத்தையும் கலைத்து அனுப்பிவிட்டு, மாலை வேளையில் தனியே மலைக்கு ஏறி ஜெபிக்கிறார். கூட்டத்தை அனுப்பி வைக்காமல் அந்தத் தனிமை அவருக்கே கிடைக்கவில்லை. அது காலையும் அன்று, அந்திப்பொழுது.

இனி எலியாவின் வரலாறு. ஓரேப் மலையில் காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாத ஆண்டவரின் மெல்லிய குரலைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் என்ன நடக்கிறது? களைத்துப்போன எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டுவிட்டு உறங்குகிறார். தேவதூதன் அவரைத் தட்டியெழுப்பி, ஏன் ஜெபிக்கவில்லை என்று கேட்டானா? அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா உண்டு மறுபடியும் உறங்கினார். இரண்டாம் முறையும் உணவு. அதன் பிறகே மலைப் பயணம். அதன் பிறகே அந்த மெல்லிய குரல். உறங்கிய தீர்க்கதரிசியை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. உறங்கிய ஆசிரியையை நாம் கடிந்துகொள்கிறோம்!

சங்கீதம் 127-ஐயும் மறந்துவிட வேண்டா. அதிகாலையில் எழுவதும் நேரம் கடந்து படுப்பதும் வீண் என்றும், ஆண்டவர் தமக்குப் பிரியமானவருக்கு உறக்கத்தை அருளுகிறார் என்றும் அது சொல்கிறது. நான்கு மணிப் பேச்சாளர்கள் இந்தச் சங்கீதத்தின் பக்கமே வருவதில்லை.

மார்த்தாள் கேட்ட கேள்வி

பெண்களுக்கான கூட்டங்களில் தவறாமல் இடம்பெறும் பகுதி லூக்கா பத்தாம் அதிகாரம். மரியாள் இயேசுவின் பாதத்தருகே அமர்ந்தாள். மார்த்தாள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்தாள். ஆகவே, மார்த்தாளாக இராதீர்கள், மரியாளாக இருங்கள் என்று முடிப்பார்கள்.

ஒரு ஞாயிறு இந்தப் பிரசங்கத்தை நானும் கேட்டேன். அன்று ஆராதனைக்குப் பின் அன்பின் விருந்து. பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோதே பின்கட்டில் ஏழெட்டுச் சகோதரிகள் வெங்காயம் உரித்துக்கொண்டும் பெரிய சட்டியில் கோழிக்கறியைக் கிளறிக்கொண்டும் இருந்தார்கள். மரியாளைப் பற்றிய பிரசங்கத்தை மார்த்தாள்கள் ஒலிபெருக்கி வழியே கேட்டார்கள்! விருந்து முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவியதும் அவர்களே. நாங்கள், அதாவது ஆடவர்கள், வாசலில் நின்று பிரசங்கம் அருமை என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மார்த்தாளின் கேள்வி என்ன? எனக்கு உதவி செய்யும்படி அவளுக்குச் சொல்லும் என்பதே. இயேசு அவளை அடுப்படியிலிருந்து விடுவித்துப் 'நல்ல பங்கின்' பக்கம் அழைத்தார். நாமோ அவளைக் குற்றம் சாட்டிவிட்டு மறுபடியும் அடுப்படிக்கே அனுப்புகிறோம். 'வாருங்கள், எல்லாரும் சேர்ந்து பாத்திரத்தைக் கழுவிவிட்டு, எல்லாரும் சேர்ந்து பாதத்தருகே அமர்வோம்' என்று ஒரு போதகராவது சொல்லலாகாதா?

என் வீட்டுக் கதை

பிறரைக் குறை கூறிவிட்டுத் தப்பிக்க எனக்கு உரிமையில்லை. நானும் பதினைந்து ஆண்டுகளாக அமைதி வேளையைக் கடைப்பிடித்து வந்தவன். காலை 5 முதல் 5.30 வரை முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேதவாசிப்பும் ஜெபமும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் சமையலறையில் என் மனைவி நாசி லெமாக்கிற்குச் சம்பால் கிளறிக்கொண்டிருப்பார். என் ஜெபம் முடியும்வரை மிக்சியைப் போட வேண்டா என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாமியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மனைவி ஐந்து நாள்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, உணவு கட்டி, காலுறை தேடி, பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு என் தலையில். அந்த ஐந்து நாளும் வேதாகமத்தை ஒருமுறைகூட நான் திறக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கட்டொழுங்கு ஐந்தே நாளில் சரிந்தது. என் பக்தி என்று நான் எண்ணியிருந்ததன் பாதி, என் மனைவியின் உழைப்பு.

அவர் திரும்பியதும், திங்கள், புதன், வெள்ளிக் காலைகளில் சமையலறை எனக்கு, முன்னறை அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். முதல் திங்களன்று அவர் நாற்காலியில் அமர்ந்து உறங்கிவிட்டார். அந்த வாரம் முழுவதும் உறக்கமே. ஒரு மாதம் கழிந்த பின்னர்தான் உள்ளிருந்து பக்கம் புரளும் ஓசை கேட்கத் தொடங்கியது. என்ன ஜெபிக்கிறார் என்று நான் கேட்பதில்லை. என் சம்பால் இன்றும் சுமார்தான்.

வழக்கமான மறுமொழிகள்

'மனமிருந்தால் மார்க்கமுண்டு, பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்ற சூசன்னா வெஸ்லி ஜெபிக்கவில்லையா?' என்பர். மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தாயார் அவர். பத்தொன்பதில் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டனர். கணவர் சாமுவேல் 1705-இல் கடனுக்காகச் சிறையும் சென்றார். அந்நிலையிலும், சமையலாடையைத் தலைமீது இழுத்து மூடிக்கொண்டு சூசன்னா ஜெபிப்பார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதைக் கண்டால் பிள்ளைகள் தொந்தரவு செய்யமாட்டார்களாம். இக்கதையின் பாதியைத்தான் நாம் பிடித்துக்கொள்கிறோம். அம்மாவின் தலைமேல் துணி இருந்தால் அவரை விட்டுவிட வேண்டும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் கற்றிருந்தார்கள். நம் வீட்டில் யாருக்கு அது தெரியும்?

'வேலை செய்துகொண்டே ஜெபிக்கலாமே. சகோதரர் லாரன்சு சமையலறையில் ஜெபித்தாரே' என்பர். உண்மை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிசிலிருந்த கார்மேல் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே இறைவனோடு வாழ்ந்தவர் அவர். ஆனால், அது ஒரு மடம். அங்கே ஜெபத்திற்கென்று குறித்த வேளைகள் இருந்தன. மணி அடித்தால் எல்லாரும் வேலையை நிறுத்துவர். நம் வீட்டுச் சமையலறைக்கு மணி அடிப்பவர் யார்?

'சபையில்தான் வாரம் முழுவதும் ஜெபக்கூட்டம் நடக்கிறதே' என்பர். ஆம், நடக்கிறது. செவ்வாய் வீட்டுக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடற்குழுப் பயிற்சி, ஞாயிறு ஆராதனை, மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம். ஜெபத்தைப் பற்றிய கூட்டங்களே ஜெபிப்பதற்கான மாலைகளை விழுங்கிவிடுகின்றன.

'தினமும் காலையில் புலனத்தில் வசனம் பகிர்கிறோமே' என்போரும் உளர். பூப்படத்தோடு வந்த வசனத்தைப் படிக்காமலே பன்னிரண்டு குழுக்களுக்குத் தள்ளிவிடுவது அஞ்சல்காரரின் பணி.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 'நேரமில்லை' என்பது சிலர் வாயில் பொய். என் வாயிலும் பலமுறை பொய்யாய் இருந்திருக்கிறது. நள்ளிரவில் முகநூலை நாற்பது நிமிடம் மேய்ந்துவிட்டுக் காலையில் களைப்பு என்று சொன்னவன் நான். அத்தகையோர் இக்கட்டுரையைச் சாக்காகப் பயன்படுத்த வேண்டா.

பாட்டியின் பால்மரக் காடு

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். லயத்து வீட்டில் இரண்டே அறை, ஒன்பது பேர். அவர் எங்கே ஜெபித்தார் தெரியுமா? மரங்களை வெட்டி முடித்த பிறகு, மங்குகளில் பால் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்து ஜெபிப்பாராம். கொசுக்கடிக்கு நடுவே தினமும் கிடைத்த தனிமை அது. தோட்டத்து வாழ்வைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது கொடிய வறுமை. ஆனால், அந்த வேலையில்கூட பால் வடியும் நேரம் என்று ஒன்று இருந்தது. நம் ஆசிரியைகளின் நாளில் பால் வடியும் நேரம் எங்கே? ஓய்வுப் பாடவேளை வந்தால் பதிலி வகுப்பு. உணவு வேளையில் இணையத்தில் தரவுப் பதிவு. இரவில் புலனச் செய்தி.

'அறைவீட்டுக்குள்' சென்று கதவைச் சாத்தி ஜெபிக்க வேண்டும் என்று மத்தேயு ஆறாம் அதிகாரம் சொல்லும் இடத்தில், கிரேக்க மூலச் சொல்லுக்குப் பண்டகசாலை, உள்ளறை என்னும் பொருள் உண்டு. தானியமும் எண்ணெயும் வைக்கும் இடம். கண்ணாடிக் கதவு போட்ட தியான மண்டபம் தேவையில்லை. பள்ளி வளாகத்தில் நிறுத்திய காருக்குள் பன்னிரண்டு நிமிடம் போதும். ஆனால், அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

கணவன்மார்களே, வாரத்தில் மூன்று காலைகளையாவது உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். 'உதவி' என்று சொல்லாதீர்கள். அது உங்கள் வீடும்தான்.

சபைத் தலைவர்களே, வார நாள் கூட்டங்களுள் ஒன்றை நிறுத்துங்கள். அந்த மாலையில் ஆலயக் கதவை மட்டும் திறந்து வையுங்கள். ஒலிவாங்கி வேண்டா, பாடல் வேண்டா. வருபவர் வந்து அமர்ந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகளை இரண்டு மூப்பர்கள் வெளியே பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளி நிருவாகத்தினரே, இரவு எட்டு மணிக்குப் பின் புலனக் குழுவில் செய்தி அனுப்பாதீர்கள். பள்ளி நேரத்திற்குப் பின் வரும் பணிச் செய்திகளுக்கு ஆசிரியர்கள் பதிலளிக்கத் தேவையில்லை என்று சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2024-இல் அறிவித்தது. நம்மால் ஏன் இயலாது? பெற்றோர்களே, பிள்ளையின் வீட்டுப்பாடம் பற்றிய ஐயம் மறுநாள் காலைவரை காத்திருக்கும்.

பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது, டியூஷன் நீங்கவில்லை. பள்ளி, புறப்பாடம், டியூஷன், மீந்த நேரத்தில் திறன்பேசி. பெரியவர் ஒருவர் சும்மா, அமைதியாக அமர்ந்திருப்பதை நம் பிள்ளைகள் எப்போதாவது கண்டிருக்கிறார்களா? காணாத ஒன்றை ஞாயிறு பள்ளிப் பாடத்தில் எழுதிக்கொடுத்துக் கற்பித்துவிட முடியாது.

அந்த ஆசிரியைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். எலியாவின் கதையை முழுவதுமாகச் சொன்னேன். இன்று ஜெபிக்க வேண்டா, ஒன்பது மணிக்கே படுத்துவிடுங்கள் என்றேன். அவருடைய கணவரிடம் நான் பேசவில்லை. அதற்கு எனக்கு உரிமையில்லை. ஆகவேதான் எல்லாக் கணவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஆனால், பள்ளியில் செய்யக்கூடிய ஒன்று இருந்தது. வியாழக்கிழமைகளில் அவருக்கு வரும் பதிலி வகுப்பை இப்போது நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த முப்பது நிமிடம் அவர் நூல்நிலையத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சில வாரம் ஜெபிக்கிறார். சில வாரம் மேசையில் தலைசாய்த்து உறங்குகிறார்.

அவரை எழுப்ப வேண்டா என்று மாணவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.